திருப்பி அனுப்பிய அரிசி

அன்று மாலை ஓவன் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பரமசிவம் ஆகிய நான். என் தம்பி வடிவேலுவின் மனைவி சரஸ்வதி. தம்பியின் சிநேகிதன், டாக்சி ஓட்டும் கோவிந்தசாமி. அரிசிக் கடை அப்துல் அஜீஸ். வடிவேலு வீட்டில் இல்லை. அவன் பிள்ளைகள் இரண்டும் பள்ளி விடுமுறைக்குத் தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்தன. வேறு யாரும் அங்கே இல்லை. மாடிப்படியில் நின்று கேட்டதாகவும் எதிர் ஜன்னலிலிருந்து பார்த்ததாகவும் பின்னால் சொன்னவர்கள் எல்லாரும் பிறர் சொல்லிக் கேட்டவர்கள்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடந்தது எங்கள் குடும்பத்து மரியாதையைப் பற்றியது. அதை நடந்தபடி சொல்ல வேண்டியவன் நான்.

அறுபத்தெட்டாம் வருடம் டிசம்பர் மாதம். வியாழக்கிழமை. நோன்புப் பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது.

வடிவேலு அப்போது நான்கு மாதமாக வேலை இல்லாமல் இருந்தான். பதினெட்டு வருடம் வடக்கே வெள்ளைக்காரப் பட்டாளத்தின் உணவுக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். அரிசி, மாவு, பருப்பு, டின்னில் அடைத்த பழம் எல்லாம் அவன் கையைத் தாண்டித்தான் சிப்பாய்களின் சமையலறைக்குப் போகும். வெள்ளைக்காரர்கள் தளத்தைக் காலி செய்து கிளம்பப்போவதாக அறிவித்ததும் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தார்கள். ஆகஸ்டு மாதம் அவனிடமும் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். நல்ல நடத்தைச் சான்றிதழ் ஒன்று, கைகுலுக்கல் ஒன்று. அவ்வளவுதான்.

அவனுக்கு நாற்பது வயது. எங்கள் அப்பா இறந்தபோது அவனுக்கு ஒன்பது. எனக்கு முப்பது. வளர்த்தவன் நான். என் மனைவி காலமான பிறகு நான் அவன் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்வதா, அவன் என் வீட்டில் இருக்கிறான் என்று சொல்வதா என்று யாரும் எங்களிடம் கேட்டதில்லை. நகராட்சி அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஓய்வூதியத்தில் வீடு நடந்தது. மெலிந்து நடந்தது.

வேலை போன மறுநாளே வீட்டில் ஒரு விதியைச் சொன்னேன். யாரிடமும் எதுவும் வாங்கக்கூடாது. கேட்டு வாங்கினாலும் சரி, அவர்களாகக் கொடுத்தாலும் சரி, அது நம் வீட்டுப் படி ஏறக்கூடாது.

இதற்குக் காரணம் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் வடிவேலு காய்ச்சலில் கிடந்தான். மரவள்ளிக் கிழங்கைத் தவிர வீட்டில் எதுவும் இல்லை. எங்கள் தெருக்காரர் ஒருவர் ஒரு படி அரிசி கொடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கிக் கஞ்சி வைத்தேன். அவன் பிழைத்தான். சண்டை முடிந்த பிறகு அந்த மனிதர் பத்து வருடம் அதைச் சொன்னார். கல்யாணத்தில் சொன்னார், கோயில் பந்தியில் சொன்னார், ஒருமுறை சாவு வீட்டில் சொன்னார். கடைசியாக வடிவேலுவின் கல்யாணத்தன்று, பெண் வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, “மாப்பிள்ளை யாரு? என் அரிசியில பிழைச்ச பையன்லா” என்றார். சரஸ்வதியின் தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு படி அரிசி எங்களுக்குப் போதும் என்று அன்று முடிவு செய்தேன்.

ஆனால் வடிவேலுவின் சிநேகிதர்கள் என் விதியைக் கேட்டவர்கள் இல்லை.

கோவிந்தசாமி தினமும் காலை எட்டு மணிக்குக் கீழே டாக்சியை நிறுத்தி ஹாரன் அடிப்பான். ஜூரோங்கில் ஓர் ஆளை ஏற்றப் போவதாகவும், போகும்போது வண்டி காலியாகத்தான் போகிறது என்றும், வடிவேலு துணைக்கு வந்தால் தூக்கம் வராது என்றும் சொல்வான். ஜூரோங்கில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் திறந்துகொண்டிருந்த காலம். வடிவேலு ஒவ்வொரு வாசலிலும் இறங்கி விசாரிப்பான். அவர்களுக்கு இருபது வயதுப் பிள்ளைகள்தான் வேண்டியிருந்தது. நாற்பது வயதுக்காரனின் சான்றிதழைப் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார்கள். கோவிந்தசாமி ஏற்றவேண்டிய ஆள் நான்கு மாதத்தில் ஒருநாள்கூட ஜூரோங்கில் நின்றதாகத் தெரியவில்லை. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வண்டியில் உட்காருவதை வாங்குவது என்று சொல்ல முடியாது என்று விட்டுவிட்டேன்.

தீபாவளிக்குத் தட்டுகள் வந்தன. வருடாவருடம் வருவதுதான். அந்த வருடம் தட்டுகள் கனமாக இருந்தன. கோவிந்தசாமி வீட்டு முறுக்குக்கு அடியில் ஒரு பொட்டலம் துவரம் பருப்பு இருந்தது. இன்னொரு வீட்டுத் தட்டில் அதிரசத்துக்குக் கீழே நெய் டின். வந்த தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்புவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கனத்துக்குக் கனம் ஏதாவது வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று சரஸ்வதியிடம் சொன்னேன். அவள் ஒரு தட்டில் சீனி வைத்தாள், ஒரு தட்டில் பழம் வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் பிள்ளைகள் சீனி இல்லாமல் தேத்தண்ணீர் குடித்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

தட்டுகளின் கஷ்டம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. அதன் பிறகு வந்தவை எல்லாம் வாழையிலையிலும் செய்தித்தாளிலும் சுற்றி வந்தன. செய்தித்தாளைத் திருப்பி அனுப்ப யாராலும் முடியாது.

பின்னால்தான் எனக்குத் தெரிந்தது, இதற்கென்று ஃபேரர் பார்க் திடலில் ஒரு கூட்டமே நடந்திருக்கிறது. பையன்கள் பந்து விளையாடுவதைப் பார்க்கிற சாக்கில் கோவிந்தசாமியும் அஜீஸும் இன்னும் சிலரும் புல்லில் உட்கார்ந்து, யார் எதைச் செய்வது என்று பேசியிருக்கிறார்கள். வேலை தேடுவது எப்படி என்பதைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்களாம். பெரியவரை எப்படிச் சமாளிப்பது என்பதற்குத்தான் இருட்டும் வரை ஆகியிருக்கிறது.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அப்துல் அஜீஸின் அரிசிக் கடை டன்லப் ஸ்திரீட்டில், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில். இருபது வருடமாக எங்களுக்கு அங்கேதான் அரிசி. நோன்பு மாதம் வந்தால் அவர் வீட்டிலிருந்து எங்களுக்குத் தினமும் நோன்புக் கஞ்சி வரும். அது நாங்கள் நன்றாக இருந்த காலத்திலும் வந்ததால் அந்த வருடமும் வாங்கிக்கொண்டேன். வழக்கம் வேறு, உதவி வேறு.

அன்று கஞ்சி வரும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக அஜீஸே மாடிப்படி ஏறி வந்தார். கோவிந்தசாமி காப்பி குடித்துக்கொண்டிருந்தான். சரஸ்வதி சமையலறை வாசலில் நின்றாள். அஜீஸ் கையில் மூன்று சிறிய துணிப்பைகள். ஒவ்வொன்றின் வாயும் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. அவற்றை மேசையில் வைத்து, “தம்பி வந்ததும் குடுத்துடுங்கண்ணே. அவருக்குத்தான்” என்றார்.

பையை நான் தொட்டுப் பார்க்கவில்லை. தொடத் தேவையில்லை. உள்ளே அரிசி இருப்பது துணியின் வடிவிலேயே தெரிந்தது. முப்பது வருடம் பள்ளிவாசலுக்கு எட்டிய தூரத்தில் வாழ்ந்தவன் நான். பெருநாளுக்கு முன்னால் முஸ்லிம் குடும்பங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று அரிசி அளந்து ஏழைகளுக்குக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பித்ரா என்பார்கள். பைகளைக் கட்டி வைத்திருப்பார்கள், வாங்க வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசை என் கண்முன் வந்தது. அதில் என் தம்பி நின்றான்.

“பாய்” என்றேன். “பெருநாளுக்கு முன்னால நீங்க யாருக்கு அரிசி அளந்து குடுப்பீங்கன்னு எனக்குத் தெரியும். நாங்க இன்னும் அந்த வரிசைக்கு வரலை. எடுத்துட்டுப் போங்க.”

கோவிந்தசாமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, அது வந்து...” என்று ஆரம்பித்தான். நான் கையைத் தூக்கினேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அஜீஸின் முகம் சிறுத்துப்போனது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர். பிறகு மூன்று பையையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டு, “உங்க வார்த்தைக்கு மேல நான் பேசமாட்டேண்ணே” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

கோவிந்தசாமியும் எழுந்து போய்விட்டான். காப்பி பாதி அப்படியே இருந்தது. சரஸ்வதி உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

கஞ்சி மட்டும் வழக்கம்போல வந்தது. கடை ஆள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

வடிவேலு வந்தான், குளித்தான், சாப்பிட்டான். நடந்ததை அவனிடம் நானே சொன்னேன். வீட்டு மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்தபடியே, “சரிண்ணே” என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அஜீஸின் மனைவி பதுருன்னிசா வந்தார். கஞ்சி வந்த தூக்கை வாங்கிக்கொண்டு போக வந்ததாகச் சொன்னார். அதற்கு அவர் வரத் தேவையே இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். சரஸ்வதி உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கமாட்டீங்களே” என்றார்.

சொல்லுங்கள் என்றேன்.

“பித்ரா அரிசியை நாங்க எங்க ஏழைங்களுக்குத்தான் குடுப்போம். எங்க மார்க்கத்துல அப்படித்தான் வச்சிருக்கு. உங்களுக்குக் குடுத்தா எங்க கடமையே தீராதுண்ணே. அப்புறம் நாங்க மறுபடி அளக்கணும்.”

முப்பது வருடம் பார்த்தும் இது எனக்குத் தெரியவில்லை. கொடுப்பதைப் பார்த்தேன். யாருக்கு என்று பார்க்கவில்லை.

“அப்ப அது என்ன அரிசி?” என்று கேட்டேன்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அஜீஸும் பஃபலோ ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் சுந்தரமும் சேர்ந்து சயாமிலிருந்து வரும் அரிசியை மொத்தமாக வாங்குகிறவர்கள். மூட்டையைச் சோதித்துத் தரம் சொல்ல ஒரு முதியவரை வைத்திருந்தார்கள். அவர் கண் மங்கிப்போய் ஊருக்குத் திரும்பிவிட்டார். அந்த இடத்துக்கு வடிவேலுவை வைக்கலாம் என்று அஜீஸ் சொல்லியிருக்கிறார். சுந்தரம் தன் மைத்துனரின் மகனை வைக்க விரும்பியிருக்கிறார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆற்றங்கரைக் கிடங்கில் மூன்று தினுசு அரிசி வந்து இறங்கியிருந்தது. விற்பவர்கள் கொடுத்த மாதிரி அரிசி மூன்று பையில் இருந்தது. வடிவேலு அதைப் பார்த்து எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால் வேலை அவனுக்கு. சனிக்கிழமை காலைக்குள் சரக்கை எடுக்க வேண்டும். ஞாயிறு பெருநாள்.

அந்த மூன்று பையைத்தான் நான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

“அந்தப் பைகள் இப்ப எங்கே?” என்றேன்.

பதுருன்னிசா தூக்கின் பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டார். “நீங்க மட்டுமாண்ணே அப்படி நினைச்சீங்க? பையை மேசை மேல போட்டுட்டு அவரு தொழப் போயிட்டாரு. நானும் பித்ராவுக்குத்தான் வச்சிருக்காருன்னு மூணையும் ஒண்ணாக் கொட்டி அளந்து அனுப்பிச்சுட்டேன்.”

சரஸ்வதி உள்ளே திரும்பிக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

நான் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். குடையை எடுத்துக்கொண்டேன். மழை பிடித்திருந்தது. பெருமாள் கோயிலைத் தாண்டி, சிராங்கூன் ரோடு முழுவதும் நடந்து டன்லப் ஸ்திரீட்டுக்குப் போனேன். அந்த வழியில் எனக்குத் தெரிந்தவர்கள் பலர். எல்லாருக்கும் தலையசைத்தேன். எங்கே போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதியில் திரும்பியிருப்பேனோ என்னவோ.

கடையில் அஜீஸ் இருந்தார். எதிரில் மூட்டைமேல் சுந்தரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சுந்தரம், “வாங்க, பரமசிவம் அண்ணே. நேத்து அரிசி உங்க வீட்டைத் தேடி வந்துச்சு. இன்னிக்கு நீங்க அரிசியைத் தேடி வந்திருக்கீங்க போல” என்றார்.

“வந்திருக்கேன்” என்றேன்.

“பட்டாளத்து ஸ்டோர்ல டின் எண்ணிக்கிட்டிருந்தவருக்கு அரிசி பத்தி என்னண்ணே தெரியும்?”

நான் அஜீஸைப் பார்த்துச் சொன்னேன்: “பாய், தப்பு என்னுது. தம்பிக்கு அதுல பங்கு இல்லை. அவனுக்குக் குடுக்கவேண்டியதை அவனுக்குக் குடுங்க.”

என் வாழ்நாளில் ஒரு கடையில் நின்றுகொண்டு இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அஜீஸ் தன் முக்காலியை விட்டு எழுந்து அதை என் பக்கம் தள்ளினார். “முதல்ல உக்காருங்கண்ணே. நின்னுக்கிட்டே பேசுற ஆளா நீங்க?” என்றார்.

மாதிரி அரிசி இல்லை என்பதால், வடிவேலு மறுநாள் காலை நேராகக் கிடங்குக்கே வரட்டும், மூட்டையைப் பார்த்துச் சொல்லட்டும் என்று அஜீஸ் முடிவு செய்தார். சுந்தரம் அரைமனதாக ஒப்புக்கொண்டார். மைத்துனரின் மகனும் வருவான் என்று சொன்னார்.

அன்று மாலை வடிவேலுவிடம், “நாளைக்கு விடியறதுக்குள்ள எழுந்திரு. ஆத்தங்கரைக்குப் போகணும்” என்றேன்.

“தெரியும்ணே” என்றான்.

“என்ன தெரியும்?”

“நேத்து சாயங்காலமே கோவிந்து எல்லாம் சொல்லிட்டான். வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அஜீஸ் பாயைப் போய்ப் பாத்தேன்.”

என் வேலையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல அவனுக்கு ஓர் இரவும் ஒரு பகலும் இருந்தன. என் எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டவன் சரிண்ணே என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

“அப்பவே அவர்கிட்ட அந்த அரிசியை வாங்கிப் பார்த்திருக்கலாமே” என்றேன்.

“கேட்டேன். அவரு ஒத்துக்கலை. ‘அண்ணன் வேணாம்னு அனுப்பினதை நான் பின்வாசல் வழியா உங்ககிட்ட குடுத்தா அவருக்கு என்ன மரியாதை? அவரே ஒரு வார்த்தை சொல்லட்டும், இல்லாட்டி வேலை போனாலும் போவட்டும்’னாரு. நானும் அதுதான் சரின்னு வந்துட்டேன்.”

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அப்பா போனதிலிருந்து முப்பது வருடமாக எங்கள் வீட்டு மரியாதையை நான் ஒருவனே காத்துவருவதாக நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் கோவிந்தசாமியின் வண்டியில் ஆற்றங்கரைக்குப் போனோம். ஆற்றங்கரையில் யாரையும் ஏற்ற வேண்டியிருப்பதாக அன்று அவன் சொல்லவில்லை. நான் வண்டியிலேயே இருப்பதாகச் சொன்னேன். அஜீஸ் வந்து கதவைத் திறந்து என்னை இறக்கினார்.

கிடங்குக்குள் மூட்டைகள் என் தலைக்கு மேல் அடுக்கியிருந்தன. சுந்தரத்தின் மைத்துனர் மகன் முதலில் பார்த்தான். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. மேல் மூட்டைகளில் குத்தூசியைச் செருகி அரிசியை உள்ளங்கையில் கொட்டினான். குத்தூசி என்பது நுனி கூரான இரும்புக் குழாய். சணல் இழையை விலக்கி உள்ளே போகும், குழாய் வழியாக அரிசி வெளியே வரும். மணி நீளமாக, வெள்ளையாக இருந்தது. மூன்று தினுசும் வாங்கலாம் என்றான். சுந்தரம் அஜீஸைப் பார்த்தார்.

பிறகு வடிவேலு போனான். அவன் வேலை செய்து நான் அதுவரை பார்த்ததில்லை. பதினெட்டு வருடம் காலையில் போய் மாலையில் வந்தவனைத்தான் பார்த்திருக்கிறேன். முதலில் அவன் எதையும் தொடவில்லை. அடுக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தான். தரையில் குத்துக்காலிட்டுக் கீழ் மூட்டைகளின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு ஒரு மூட்டையில் மூன்று இடத்தில் குத்தினான். வாயில் ஒன்று, இடுப்பில் ஒன்று, அடியில் ஒன்று. பட்டாளத்துக் கிடங்கில் அப்படித்தான் விதி என்று பின்னால் சொன்னான். மூன்று பிடி அரிசியையும் ஒரு காகிதத்தில் தனித்தனியாக வைத்தான். முகர்ந்தான். ஒரு மணியைக் கடித்தான். இப்படி ஒவ்வொரு தினுசிலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

முதல் இரண்டு தினுசும் சரி என்றான். மூன்றாவது அடுக்கின் கீழ் மூன்று வரிசையைக் காட்டினான். “மேல இருக்கிறது நல்ல அரிசி. இந்த மூணு வரிசையும் படகுல வரும்போது மழைத் தண்ணி பட்டிருக்கு. வாய்ப்பக்கம் காஞ்சுபோச்சு, அடியில பூசணம். இன்னும் பத்து நாள்ல மூட்டை முழுக்க மஞ்சளாயிடும். இதை எடுக்காதீங்க பாய்.”

சுந்தரம் குனிந்து அடியில் எடுத்த அரிசியை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். விற்பவர்களின் ஆளும் வந்து பார்த்தார். அவருக்கும் அதுவரை தெரியாது. ஈர மூட்டைகளை ஒதுக்கிவைக்கச் சொன்னார்.

“மாதிரிப் பையில இது தெரிஞ்சிருக்குமா?” என்று சுந்தரம் கேட்டார்.

“தெரிஞ்சிருக்காதுண்ணே. மாதிரியை வாய்ப்பக்கம்தான எடுத்திருப்பாங்க. பையில பாத்திருந்தா நானும் மூணையும் நல்லதுன்னுதான் எழுதியிருப்பேன்” என்றான் வடிவேலு.

அதை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னான். என் தம்பி அப்படித்தான் வளர்ந்தவன்.

சுந்தரம் குத்தூசியை எடுத்து, துணியால் துடைத்து, அவனிடம் நீட்டினார். “டின் எண்ணினவரே, இதை நீங்களே வச்சுக்குங்க. செவ்வாக்கிழமை வந்துடுங்க” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணே, நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்கலா” என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். கொஞ்சம் வைத்துக்கொண்டேன், ஒரு வாரம் மட்டும்.

கோவிந்தசாமி வண்டியில் ஏறியதும், “இனிமே எட்டு மணிக்கு நான் நிம்மதியாத் தூங்குவேன்டா” என்றான். வடிவேலு முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் முன்சீட்டில் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பெருநாள். பகல் பன்னிரண்டு மணிக்கு அஜீஸ் வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரத்தில் கோழி பிரியாணி வந்தது. தாய்மாமன் வீட்டிலிருந்து திரும்பியிருந்த பிள்ளைகள் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் சரஸ்வதி பாத்திரத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, சீனி டப்பாவைக் கையில் எடுத்தாள். “எவ்வளவு வைக்கட்டும் மாமா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் வைக்கவேணாம். அப்படியே கொண்டுபோய்க் குடு” என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள். காலிப் பாத்திரத்தைப் பதுருன்னிசா எந்த யோசனையும் இல்லாமல் வாங்கி உள்ளே வைத்ததாகவும், பண்டிகை நாளில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று தன்னைப் பிடித்து உட்காரவைத்ததாகவும் திரும்பி வந்து சொன்னாள்.

வடிவேலு இன்றும் அந்த வேலையில் இருக்கிறான்.

எங்கள் வட்டாரமான தேக்காவில் இப்போது ஒரு கதை சொல்கிறார்கள். பையில் இருக்கும் அரிசியை நம்பக்கூடாது, மூட்டையை நேரில் பார்த்தால்தான் தம்பியின் திறமை தெரியும் என்று கணக்குப் போட்டுத்தான் பரமசிவம் அதைத் திருப்பி அனுப்பினார், பெரியவர் பெரிய மூளைக்காரர் என்பது அந்தக் கதை. கோவிந்தசாமி தன் வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறான். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொல்கிறான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அது உண்மை இல்லை. பையில் இருந்தது மாதிரி அரிசி என்று எனக்குத் தெரியாது. பிச்சை என்று நினைத்துத் திருப்பி அனுப்பினேன்.